தம் பிடிப்பவர்

ஒலித்தொகுப்பு வேலை செய்கிறவர்களின் கணினியில் ஆயத்த ஒலித்துணுக்குகளுக்கென்று ஒரு பெருங்கிடங்கு இருக்கும். மழை, சந்தைக் கூட்டம், கதவு, ரயில் ஆகியவற்றோடு உலகத்து வாத்தியங்கள் எல்லாம் அதில் துண்டு துண்டாக அடுக்கப்பட்டிருக்கும். என்னிடம் இருக்கும் கிடங்கில் அர்மேனியாவின் டுடுக் என்ற ஊதுகுழல் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பது நெடுநாளாக என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. வயலினுக்கு மகிழ்ச்சி, பதற்றம், காதல், சோகம் என்று பல கோப்புறைகள் உண்டு. டுடுக்குக்கு இருப்பது ஒன்றே ஒன்று, சோகம். அதற்குள்ளும் பாலைவனம், போர், அகதிகள், இழப்பு என்றுதான் உட்பிரிவுகள். ஆவணப்படம் எடுக்க வருகிறவர்கள் அதன் பெயரைக்கூடச் சொல்வதில்லை. "அந்தக் கிளாடியேட்டர் குழலைக் கொஞ்சம் போடுங்க சார்" என்பார்கள், அது ஒலித்த ஹாலிவுட் படத்தின் பெயரால். புயலில் படகிழந்த கடலோரக் கிராமமானாலும் சரி, மூடப்பட்ட பஞ்சாலையானாலும் சரி, காமிரா மெல்ல ஒரு முதியவரின் முகத்தை நெருங்கும் இடத்தில், கடலையே காணாத ஒரு மலைநாட்டின் குழல் ஊதத் தொடங்கிவிடும்.

இதில் உறுத்துவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். வேலை முடிகிறது, பார்ப்பவர் கண் கலங்குகிறார், இயக்குநர் கைகொடுத்துவிட்டுப் போகிறார். டுடுக்கின் ஒலி துயரமானதல்ல என்று வாதாட நானும் தயாரில்லை. அர்மேனியா எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாதவர்கூட அந்தக் குழலை முதன்முதலாகக் கேட்கும்போது அதில் ஓர் இழப்பைக் கேட்டுவிடுகிறார். அது எந்த விதமான துயரம் என்பதில்தான் எனக்கு மனம் ஒப்பவில்லை. என் கிடங்கில் உள்ள டுடுக்கில் ஒலிப்பது தனிமை. வெட்டவெளியில் ஒற்றை மனிதன், அவனைச் சுற்றி ஒரு பெரும் எதிரொலி, பக்கத்தில் எவரும் இல்லை. அர்மேனியர்கள் தங்களுக்குள் வாசித்துக் கேட்டுவந்த டுடுக்கில் அந்தத் தனிமைக்கு இடமே கிடையாது. ஏனென்றால், மரபுப்படி அதை வாசிக்க இரண்டு பேர் வேண்டும்.

ஆப்ரிகாட் மரமும் ஆற்றங்கரை நாணலும்

அர்மேனியர்கள் இதைச் சிரானபோக், அதாவது ஆப்ரிகாட் குழல், என்றும் அழைப்பதுண்டு. அந்தப் பழத்தின் தாவரவியல் பெயரிலேயே அவர்கள் நாட்டின் பெயர் இருக்கிறது, அவர்கள் கொடியின் கீழ்ப்பட்டைக்கும் அந்தப் பழத்தின் நிறம்தான். நன்றாக உலர்ந்து முதிர்ந்த ஆப்ரிகாட் மரத்தைக் கடைந்து, மேலிருந்து கீழ்வரை ஒரே அகலத்தில் துளையிட்டு, முன்பக்கம் எட்டு விரல்துளைகளும் பின்பக்கம் கட்டைவிரலுக்கு ஒரு துளையும் வைத்தால் குழல் தயார். சுருதிக்கேற்ப நீளம் 28 செ.மீ. முதல் 40 செ.மீ. வரை இருக்கும். கையில் எடுத்துப் பார்த்தால், இவ்வளவு பேச்சுக்கு உரிய பொருள்தானா என்று தோன்றும் அளவுக்குச் சாதாரணமாக இருக்கும். அதில் வாசிக்கக்கூடிய சுரங்களும் ஒரு ஸ்தாயியைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான்.

குழலின் உயிர் வாயில் வைக்கும் பகுதியில் இருக்கிறது. அதைக் கமிஷ் என்கிறார்கள். அரக்ஸ் ஆற்றங்கரையில் விளையும் நாணலின் ஒரு கணுத்துண்டை எடுத்து, ஒரு முனையை உருண்டையாகவே விட்டு, மறுமுனையைத் தட்டையாக அழுத்தினால், மூடியும் மூடாமலும் இருக்கும் இரண்டு உதடுகள் போல அது அமைகிறது. நாதஸ்வரச் சீவாளியை மட்டுமே பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது பூதாகாரமாகத் தெரியும். நீளம் மட்டுமே 10 செ.மீ. அளவுக்கு வரும். நடுவில் ஒரு வளையம் இருக்கும். அதை மேலும் கீழும் நகர்த்திச் சுருதி சேர்க்கிறார்கள். வாசிக்காத நேரத்தில் தட்டை முனை விரிந்துவிடாமல் கவ்விப் பிடிக்க ஒரு சிறு மூடி, பெரும்பாலும் நூலில் கட்டித் தொங்கும். வாசிக்கத் தொடங்குமுன் கமிஷுக்குள் சில துளி நீர் விட்டு, உதறிக் கொட்டிவிட்டு, அது மெல்ல வாய் திறக்கும்வரை காத்திருக்க வேண்டும். குறைவாகத் திறந்தால் பேசாது, அதிகமாகத் திறந்தால் கத்தும். வித்வான்கள் சுற்றியிருப்பவர்களோடு பேசிக்கொண்டே, ஓரக்கண்ணால் கமிஷின் வாயை அளந்துகொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில் அவசரப்படுத்தினால் பதில் வராது.

ஒலியின் கனத்துக்கு இயற்பியலில் நேரான காரணம் ஒன்று உண்டு. நாதஸ்வரத்தின் உட்துளை கீழே போகப்போக விரிந்துகொண்டே போகும் கூம்பு. டுடுக்கின் உட்துளை ஒரே அகலமுள்ள உருளை. ஒரு முனையில் சீவாளியால் அடைபட்ட உருளைக்குழாய், ஒருபக்கம் மூடிய குழாயைப் போல நடந்துகொள்ளும். அதனால் அதே நீளமுள்ள திறந்த குழாயைவிட ஒரு ஸ்தாயி கீழே அது ஒலிக்கும். மேற்சுரங்களிலும் ஒற்றைப்படை வரிசையில் உள்ளவையே ஓங்கி நிற்கும். கிளாரினெட்டும் இதே விதிக்கு உட்பட்டதுதான். ஒரு முழத்துக்கும் குறைவான குழல் இவ்வளவு தாழ்ந்து, இவ்வளவு உருண்டையாக, ஒரு மனிதக் குரலின் உயரத்தில் பேசுவதற்கு இதுதான் காரணம். இதோடு அந்த அகலமான கமிஷும் சேர்ந்துகொள்கிறது. உதட்டின் அழுத்தத்தைச் சற்றே மாற்றினால் சுரம் வழுக்கும், விரலைப் பாதி எடுத்தால் சுரம் கரையும். எந்தச் சுரமும் வெட்டிக்கொண்டு தொடங்குவதில்லை, ஊறிக்கொண்டே வருகிறது. தாழ்ந்த குரல், மெதுவான எழுச்சி, கீழ்நோக்கி வழுக்கும் முடிவு ஆகிய மூன்றும் ஒரு மனிதரின் பேச்சில் சேர்ந்தால், நாம் உடனே அவர் அருகில் போய் என்ன ஆயிற்று என்று கேட்போம்.

ஆக, துயரத்தின் ஒரு பங்கு மரத்திலும் நாணலிலுமே இருக்கிறது என்பதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். ஆனாலும் தாழ்ந்த குரலை உடனே அழுகுரலாகக் கொள்வது நம் பழக்கம். தாலாட்டும் தாழ்ந்த குரல்தான், இரவில் அடுத்த அறையில் பெரியவர்கள் பேசிக்கொள்வதும் தாழ்ந்த குரல்தான். அர்மேனியக் கல்யாண ஊர்வலத்தில் தெருவை அதிர வைப்பது சுர்னா. கூம்புத் துளையும் கூரிய ஒலியும் கொண்ட அதுதான் நம் நாதஸ்வரத்துக்கு நெருங்கிய உறவு. டுடுக் வீட்டுக்குள் வாசிப்பது, மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களுக்காக வாசிப்பது. டோல் என்ற அவர்களுடைய கைமுரசோடு சேர்ந்து ஆட்டத்துக்கும் வாசிக்கிறது. ஆறெட்டுத் தாளத்தில் டுடுக் துள்ளுவதை ஒருமுறை கேட்டவருக்கு, அந்தக் குழல் அழ மட்டுமே பிறந்தது என்று சொல்ல நா எழாது. யுனெஸ்கோ 2005-இல் டுடுக் இசையை மானுடத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாக அறிவித்து 2008-இல் தன் பட்டியலில் சேர்த்தபோதும், திருமணம், இறப்பு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தே அதன் இடங்களாகக் குறிப்பிட்டது. கோப்புறைக்குப் பெயர் வைத்தவர்கள் அந்தப் பாதியைப் படிக்கவில்லை போலும்.

அடியில் ஓடும் ஒற்றைச் சுரம்

மரபான டுடுக் இசையில் இரண்டு குழல்கள் உண்டு. ஒருவர் பாட்டை வாசிப்பார். மற்றவர் ஆதார சுருதியான ஒற்றைச் சுரத்தைத் தொடக்கம் முதல் முடிவுவரை விடாமல் ஊதிக்கொண்டிருப்பார். அந்தச் சுரத்துக்குத் தம் என்று பெயர். தம் பிடிப்பவர் கன்னங்களை உப்பலாக்கி அதில் காற்றைச் சேமித்துவைத்து, கன்னக்காற்று குழலுக்குள் போய்க்கொண்டிருக்கும்போதே மூக்கால் புதுமூச்சை இழுத்துக்கொள்கிறார். கேட்பவருக்கு எங்கேயும் இடைவெளி தெரியக் கூடாது. குருவிடம் பயில்பவர்களுக்குப் பெரும்பாலும் முதலில் தரப்படும் வேலை இதுதான். சுவரொட்டியில் பெரிய எழுத்தில் வரும் பெயர் இவருடையதாக இருப்பதில்லை.

தம் பற்றி இவ்வளவும் எனக்கு ஏட்டறிவாக முன்பே தெரியும். அது என்ன செய்கிறது என்பது புரிந்தது, அர்மேனியத் தலைநகர் யெரெவானில் பதிவான ஓர் ஒலிக்கோப்பு தற்செயலாகக் கைக்கு வந்தபோதுதான். இரண்டு கலைஞர்களுக்கும் தனித்தனி மைக் வைத்து, தனித்தனித் தடங்களில் பதிந்திருந்தார்கள். மெதுவான பாட்டு. தொழில் பழக்கத்தில் மேல்வரியை அணைத்துவிட்டுத் தம் தடத்தை மட்டும் ஓடவிட்டேன். மின்விசிறி இரைச்சல் போல மாறாத ஒரு கோடு கேட்கும் என்று நினைத்திருந்த இடத்தில் ஒரு மனிதர் இருந்தார். பாட்டு தொடங்குமுன்பே அவர் தொடங்கிவிட்டிருந்தார். சில நொடிகள் தனியாக ஊதி, தளம் போட்டுவைத்துவிட்டுக் காத்திருந்தார். பிறகு, அடுத்த அறையிலிருந்து வருவதுபோல, மற்றவரின் பாட்டு அவருடைய மைக்கிலும் மெலிதாக ஒழுகத் தொடங்கியது. பாட்டு மேலே ஏறியபோதெல்லாம் இவர் ஒரு மயிரிழை தணிந்தார். பாட்டு கீழே இறங்கி வந்தபோது சற்றே நிமிர்ந்து ஏந்திக்கொண்டார். மூக்கால் மூச்சிழுக்கும் சிறு ஓசை சீரான இடைவெளியில் வரவில்லை. பாட்டில் அழுத்தமான சுரம் ஒலிக்கும் இடம் பார்த்து, அதன் மறைவில் மூச்செடுத்துக்கொண்டிருந்தார். நடுவில் ஓரிடத்தில் பாட்டு தன் இருப்பை மாற்றிக்கொள்ள, தம்மும் ஒரு படி ஏறி அங்கே சிறிது நேரம் நின்று, பின் பழைய இடத்துக்குத் திரும்பியது. அந்த ஏற்றத்துக்கு முன்னால் ஒரு மிகச் சிறிய தயக்கம் இருந்தது. மற்றவர் உண்மையிலேயே போகிறாரா என்று பார்த்துவிட்டுப் பின்னால் போகிற தயக்கம் அது. பாட்டு முடிந்த பிறகும் ஒரு மூச்சளவுக்குத் தொடர்ந்து ஊதிவிட்டே அவர் நிறுத்தினார்.

பிறகு மாற்றிப் போட்டேன். தம்மை அணைத்துவிட்டுப் பாட்டை மட்டும் கேட்டேன். அடுத்த நொடியில் என் கிடங்கின் டுடுக் வந்துவிட்டது. கொஞ்சம் எதிரொலியைச் சேர்த்தால் போதும், பாலைவனம், போர், அகதிகள், இழப்பு எல்லாம் தயார். அதே கலைஞர், அதே மூச்சு, அதே கமிஷ். பொத்தானை அழுத்துவதற்கு முன்னால் அவர் யாரிடமோ எதையோ சொல்லிக்கொண்டிருந்தார், அழுத்திய பிறகு வெற்றுவெளியில் புலம்பிக்கொண்டிருந்தார். உலகம் டுடுக்கின் இயல்பென்று எண்ணிக்கொண்டிருக்கும் அந்தத் தனிமை, ஒரு தடத்தை நீக்கியதால் உண்டானது என்று நான் சொல்வதற்கு அந்தக் கோப்புதான் ஆதாரம்.

செவியில் நடப்பதையும் சொல்லிவிட வேண்டும். பாட்டுச் சுரம் தம் சுரத்துக்கு மிக அருகில் வந்து நிற்கும்போது இரண்டு அதிர்வுகளும் ஒன்றோடொன்று உரசி, ஒருவித நடுக்கம் பிறக்கிறது. பாட்டு இன்னும் இறங்கித் தம்மோடு ஒன்றாகும்போது அந்த நடுக்கம் சட்டென்று அடங்கிவிடுகிறது. டுடுக் கேட்பவரின் மார்பில் ஏதோ செய்வதாகச் சொல்வதில் பெரும்பங்கு இந்த உரசலும் அடங்கலுமே. துயரத்தில் இருக்கும் ஒருவர் விலகி விலகிப் போய், தம் சுரத்திடம் வந்து சேர்ந்துகொண்டே இருக்கிறார். தம் இல்லாத துணுக்கில் வலி மட்டும்தான் உண்டு. வந்து சேர்வதற்கு அங்கே யாரும் இல்லை. ஒலி வடிவமைப்பாளர்கள் இந்தக் குறையை உணர்ந்துதான் அடியில் ஒரு சிந்தசைசர் ஒலியைப் படரவிடுகிறார்கள். அந்த ஒலி பாட்டைக் கேட்பதில்லை, பாட்டு எங்கே போனாலும் அது தன்பாட்டுக்கு இருக்கும். நம் நாதஸ்வரக் கச்சேரிகளில் ஒத்து ஊதுபவர் உட்கார்ந்திருந்த இடத்தை இப்போது பெரும்பாலும் சுருதிப்பெட்டி பிடித்துக்கொண்டிருப்பதையும் இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. சுருதிப்பெட்டி பிசகாது, களைக்காது, சம்பளம் கேட்காது. ஆனால் வித்வானின் மூச்சு எங்கே முடியப்போகிறது என்பதை அது எதிர்பார்த்திருப்பதும் இல்லை.

ஊமைப்படக் கொட்டகையிலிருந்து ரோமாபுரிவரை

டுடுக்கை உலகம் அறியச் செய்தவர் ஜீவன் காஸ்பர்யான். 1928-இல் அர்மேனியாவின் சோலாக் கிராமத்தில் பிறந்து, 2021-இல் கலிபோர்னியாவில் மறைந்தவர். சிறுவனாக இருந்தபோது ஊமைப்படக் கொட்டகையில் திரைக்கு முன்னால் அமர்ந்து வாசித்த டுடுக் கலைஞர்களைக் கேட்டுத்தான் அவருக்கு அந்தக் குழல்மீது பித்துப் பிடித்தது. இந்தச் செய்தியை நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பதுண்டு. ஊமைப்படம் என்றால் அதில் துரத்தல் இருக்கும், கோமாளி வழுக்கி விழுவான், காதலர்கள் சந்திப்பார்கள், யாரோ சாவார்கள். அத்தனைக்கும் அந்தக் கொட்டகையில் இருந்த குழல் ஈடுகொடுத்திருக்க வேண்டும். சினிமாவோடு டுடுக்குக்கு ஏற்பட்ட முதல் உறவில் அதற்கு எல்லா வேடமும் தரப்பட்டிருந்தது. பேசும்படம் உலகத்தை ஆண்ட பிற்காலத்தில்தான் ஒரே வேடம் என்று ஆயிற்று.

அது எப்படி ஆயிற்று என்பதில் இரண்டு கதைகள் பின்னிக்கிடக்கின்றன. ஒன்று அர்மேனியர்களுடையது. கொமிதாஸ் என்ற பாதிரியார் ஊர் ஊராகப் போய் உழவர்களிடமிருந்தும் பெண்களிடமிருந்தும் நாட்டுப்பாடல்களைத் திரட்டிச் சுரப்படுத்தினார். அவர் திரட்டியவற்றில் ஏர்ப்பாட்டு உண்டு, கல்யாணப்பாட்டு உண்டு, ஆட்டப்பாட்டு உண்டு. லோரி வட்டாரத்து ஏர்ப்பாட்டு ஒன்றைப் பற்றி அவர் எழுதிய ஆய்வே தனியாகப் பேசப்படுவது. 1915 ஏப்ரல் 24 அன்று கான்ஸ்டான்டிநோபிளில் (இன்றைய இஸ்தான்புல்) அர்மேனிய அறிவாளிகள் கைது செய்யப்பட்டபோது அவரும் பிடித்துச் செல்லப்பட்டார். உயிரோடு திரும்பினார், ஆனால் மனம் சிதைந்துவிட்டது. இறுதி ஆண்டுகளைப் பாரிஸ் மனநல மருத்துவமனைகளில் கழித்து 1935-இல் இறந்தார். ஒட்டோமான் அரசு நடத்திய அந்த இனப்படுகொலையில் லட்சக்கணக்கான மக்களோடு, அவர் பாடல் திரட்டிய கிராமங்களும் அழிந்துபோயின. அதன்பின் அவர் விட்டுச்சென்ற எந்தப் பாட்டைப் பாடினாலும் அது இல்லாமற்போன ஓர் ஊரின் பாட்டாகவே கேட்கத் தொடங்கியது. டுடுக்கில் இன்று மிக அதிகமாக வாசிக்கப்படும் 'ட்லே யாமான்' இதற்கு நல்ல சாட்சி. இனப்படுகொலையின் நினைவுநாட்களில் அது இரங்கற்பா போல ஒலிக்கிறது. பாட்டின் சொற்களிலோ படுகொலை இல்லை. எதிரெதிரே இரண்டு வீடுகள், கண்ணால் பேசும் ஒரு ஜோடி, மாசிஸ் (அராரத்) மலைமேல் விழும் வெயில், தீராத ஏக்கம், இவ்வளவுதான் அதில் இருப்பது. காதல் ஏக்கம் ஒரு மக்களின் ஏக்கமாக மாறிய அந்த மாற்றத்தில் பொய் எதுவும் இல்லை. எதிர்வீடே இல்லாமற்போனவர்கள் அந்தப் பாட்டை வேறு எப்படிக் கேட்பார்கள்?

மற்றது வெளியுலகின் கதை. இதைச் சற்று வேகமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் இது எனக்குப் பிடிக்காத பகுதி. காஸ்பர்யான் சோவியத் நாட்டில் 1983-இல் பதிந்த இசைத்தட்டைக் கேட்டு வியந்த ஆங்கிலேய இசையமைப்பாளர் பிரையன் ஈனோ, 1989-இல் அதை மேற்குலகில் வெளியிட்டார். அதற்கு முந்தைய டிசம்பரில்தான் ஸ்பிடாக் பூகம்பம் சுமார் 25,000 பேரைப் பலிகொண்டிருந்தது. அர்மேனியா என்றாலே இடிபாடுகள் என்று தொலைக்காட்சி சொல்லிக்கொண்டிருந்த வேளையில் அந்த ஒலி போய்ச் சேர்ந்தது. அதே 1989-இல் ஆங்கிலேயப் பாடகர் பீட்டர் கேப்ரியல், இயேசுவைப் பற்றிய ஒரு படத்துக்கான தன் இசைத்தொகுப்பில், வாச்சே ஹொவ்செப்யான் பாட்டு வாசிக்க அந்த்ரானிக் அஸ்கர்யான் தம் பிடித்த பழைய பதிவொன்றைப் பயன்படுத்தினார். தம் பிடித்தவரின் பெயரையும் சேர்த்தே அச்சிட்டார் என்பதை அவருக்குப் புண்ணியமாகச் சொல்ல வேண்டும். பிறகு 2000-இல் கிளாடியேட்டர். ஹான்ஸ் ஜிம்மரும் லிசா ஜெரார்டும் அமைத்த இசையில் காஸ்பர்யானின் டுடுக், அடிமையாக விற்கப்பட்ட ரோமானியத் தளபதியோடு வட ஆப்பிரிக்காவுக்குப் போனது. முதலில் யூதேயா, அடுத்து ஆப்பிரிக்கா, அதன்பின் விண்வெளிக் கப்பல்கள்வரை. அர்மேனியாவைத் தவிர எல்லா இடத்துக்கும் அந்தக் குழல் உரியதாயிற்று. பழமை, கிழக்கு, புழுதி, கண்ணீர் ஆகிய நான்கையும் ஒரே மூச்சில் குறித்துவிடும் வசதியான முத்திரையாக அதை ஆக்கிவிட்டார்கள். காஸ்பர்யான் எந்தப் படத்திலும் தரக்குறைவாக வாசித்ததில்லை. அவரைப் போலச் செய்வதற்கென்று பின்னால் புறப்பட்ட துணுக்குக் கூட்டம்தான் என் கணினியை நிறைத்திருக்கிறது.

அண்டை வீட்டார் பற்றியும் ஒரு சொல். இதே குடும்பக் குழலை ஜார்ஜியர் டுடுக்கி என்றும், அஜர்பைஜானியர் பலபான் என்றும், கிழக்குத் துருக்கியில் மெய் என்றும் வாசிக்கிறார்கள். மரமும் அளவும் விரல் பழக்கமும் வேறுபடும், அகலமான சீவாளியும் உருளைத் துளையும் பொது. பலபானையும் மெய்யையும் அஜர்பைஜானும் துருக்கியும் சேர்ந்து 2023-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்துக்கொண்டன. அதே ஆண்டு செப்டம்பரில், அஜர்பைஜான் படை கைப்பற்றிய நகோர்னோ-கராபாக்கிலிருந்து ஒரு லட்சத்துக்கும் அதிகமான அர்மேனியர்கள் சில நாட்களுக்குள் வெளியேறினார்கள். குழல் யாருடையது என்ற சண்டையில் இறங்க எனக்குத் தகுதி இல்லை, விருப்பமும் இல்லை. ஆனால் அர்மேனியரின் துயரம் அந்த மரத்திலேயே ஊறியிருக்கிறது என்று சொல்பவர்களிடம், எல்லைக்கு அப்பால் ஆட்டத்துக்கும் நாட்டுப்பாட்டுக்கும் ஊதப்படும் அதே உறவுக்குழலை என்ன செய்வது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

என்னோடு வேலை செய்யும் படத்தொகுப்பாளர் இதையெல்லாம் கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டார். "அழுறவங்களுக்கு அந்தக் குழல் ஆறுதலா இருக்குன்னா, அது பக்கத்துல ஒரு ஆள் இருக்காரா இல்லையான்னு யாருங்க பார்க்கப்போறாங்க?" என்றார். நியாயமான கேள்விதான். என் பதிலும் அதற்குள்தான் இருக்கிறது. அர்மேனிய இறப்பு வீட்டில் டுடுக் ஆறுதல் தருகிறதென்றால், அதற்கு அங்கே இருவர் உட்கார்ந்து வாசிப்பதும் ஒரு காரணம். ஒருவர் அழுவதுபோல் வாசிக்கிறார், மற்றவர் அழுகைக்கு இடம்கொடுத்து அசையாமல் இருக்கிறார். துக்கம் விசாரிக்கப் போகிறவர் செய்ய வேண்டிய வேலையும் இந்த இரண்டாவதுதான். நாம் வாங்கி வைத்திருக்கும் துணுக்கில் துக்கம் உண்டு, விசாரிக்க வந்தவர் இல்லை. புயலில் எல்லாம் இழந்த முதியவரின் முகத்துக்குக் கீழே அதைப் போடும்போது, அவரைச் சுற்றி நின்றுகொண்டிருக்கும் ஊரையே படத்திலிருந்து வெட்டிவிடுகிறோம். காட்சியில் ஊர் தெரிந்தாலும் ஒலியில் அவர் தனியாகத்தான் இருக்கிறார். இது ஒரு கருத்து மட்டுமே, பலர் ஒப்பமாட்டார்கள் என்பதும் தெரியும். மேடைக் கலைஞர்களிலேயே பலர் இப்போது தம் பிடிப்பவருக்குப் பதிலாகப் பதிவான தம்மை ஓடவிட்டு வாசிக்கிறார்கள். பயணச் செலவு அவர்களுக்கும் இருக்கிறது. கிராமத்து விழாக்களில் டுடுக் குறைந்து, தொழில்முறைக் கலைஞர்களின் மேடைக்குள் அது ஒடுங்கிவருவதை யுனெஸ்கோவும் கவலையோடு குறித்திருக்கிறது.

நடைமுறையில் என்னால் செய்ய முடிந்தது கொஞ்சம்தான். டுடுக் வேண்டும் என்று கேட்டுவருபவர்களுக்கு முதலில் ஹொவ்செப்யானின் பழைய பதிவுகளையும், இந்தத் தலைமுறையில் கெவோர்க் தபாக்யானின் பதிவுகளையும் நல்ல ஹெட்போனில் போட்டுக் காட்டுகிறேன். பாட்டை விட்டுவிட்டு அடியில் ஓடுவதை மட்டும் கவனிக்கச் சொல்கிறேன். சிலர் கேட்டுவிட்டு, இது நம் படத்துக்கு வேண்டாம், வேறு ஏதாவது பார்ப்போம் என்று சொல்லிவிடுகிறார்கள், அது எனக்கு உவப்பான முடிவு. இன்னும் சிலர், இங்கேயே டுடுக் வைத்திருக்கும் குழல் கலைஞரை அழைத்துப் பதியலாம் என்கிறார்கள். அப்படியானால் இரண்டு பேரை அழைக்க வேண்டும் என்று நான் சொன்னதும் தயாரிப்பு நிர்வாகி கணக்கு நோட்டை எடுத்துவிடுவார். ஒரே சுரத்தை ஊதுகிறவருக்கு எதற்கு முழுச் சம்பளம், அதைக் கணினியிலேயே இழுத்துவிடலாமே என்பது அவருடைய வாதம். அந்த ஒரு சுரத்தை ஒரே ஒரு நிமிடம், குரல் உடையாமல், மூச்சு விட்டது தெரியாமல் ஊதிக்காட்டுங்கள் சார் என்று பதில் சொல்ல நாக்குத் துடிக்கும். அடுத்த படத்துக்கும் அவர்தான் என்னை அழைக்க வேண்டும் என்பதால், பாதிச் சம்பளத்துக்காவது பேசிப் பார்ப்போம் என்று சொல்லிவைக்கிறேன்.